இல்லாததை உடுத்துதல்

ஒரு பெண்மணி நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். அவருக்கு ஒரு சக்களத்தி இருந்தார். கணவர் தமக்குக் கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாக அந்தச் சக்களத்தியின் முன்னால் காட்டிக் கொண்டால் குற்றமாகுமா என்பதே அவருடைய கேள்வி. கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டிக் கொள்பவர் பொய்யாலான இரண்டு ஆடைகளை உடுத்தியவரைப் போன்றவர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம் பெற்றிருக்கிறது.

ஹதீஸில் வரும் 'முதஷப்பிஃ' என்னும் சொல், பசித்த வயிற்றோடு இருந்து கொண்டு வயிறார உண்டவனைப் போல் பாவனை செய்கிறவனைக் குறிக்கும். அது ஏன் இரண்டு ஆடைகள்? விரிவுரையாளர்கள் பல விளக்கங்கள் தந்திருக்கிறார்கள். மேலாடை, கீழாடை இரண்டுமே பொய். அதாவது தலை முதல் கால் வரை பொய்யால் மூடிக் கொண்டவன் என்பது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கம் சுவையானது. ஒரே ஒரு சட்டையை வைத்திருப்பவன், அதன் கைகளோடு வேறொரு கைத்துணியையும் சேர்த்துத் தைத்துக் கொண்டு, இரண்டு சட்டை அணிந்திருப்பதாகப் பிறர் எண்ணும்படி செய்வானாம். வறுமை மிகுந்த அந்தக் காலத்தில் இரண்டு சட்டை என்பது பெரிய அந்தஸ்து.

மதரஸாக்களில் இந்த ஹதீஸை நிகாஹ் பாடத்தில் ஓதுகிறோம். குடும்பத்துப் பெண்களுக்கிடையே நடக்கும் போட்டியைப் பற்றியது என்று எண்ணிக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் நம் கல்லூரிப் பிள்ளைகளின் இன்றைய வாழ்க்கையை இந்த ஹதீஸைக் கையில் வைத்துக் கொண்டு பார்த்தால், ஒட்டுத் தைத்த அந்தக் கைத்துணி எங்கெங்கோ தெரிகிறது.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நாம் பாடம் நடத்துவதுண்டு. இந்த ஹதீஸைச் சொன்ன அன்று மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். காரணம் கேட்டபோது தங்கள் கதைகளைத் தாங்களே சொன்னார்கள். நான்கு பேர் காசு சேர்த்து விலையுயர்ந்த காப்பிக் கடையில் ஒரே ஒரு கோப்பை வாங்கி, அதை மாறி மாறிக் கையில் ஏந்தி நான்கு படங்கள் எடுத்துக் கொண்டார்களாம். நான்கு படங்களும் வெவ்வேறு நாட்களில் இன்ஸ்டாகிராமில் ஏறினவாம். பக்கத்து அறை மாணவனின் புல்லட்டில் உட்கார்ந்து எடுத்த படம், இரவல் வாங்கிய சட்டை, இரவல் கைக்கடிகாரம். மாதக் கடைசியில் வீட்டிலிருந்து வரும் பணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இவர்கள். ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஹஜ்ரத், நாங்கள் செய்தது விளையாட்டு. ஆனால் அடுத்தவனுடைய படத்தைப் பார்க்கும்போது அவனும் இப்படித்தான் எடுத்திருப்பான் என்று எங்களுக்குத் தோன்றுவதில்லை" என்றார். நம்முடைய பாடத்தை விட அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் அதிகம் இருந்தது.

தான் உடுத்தியது பொய்யாடை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அடுத்தவன் உடுத்தியிருப்பது மெய் என்று நம்பிவிடுகிறார்கள்.

இந்தச் சாதனம் பிறந்த இடம்

பெற்றோர்களில் பலர், சமூக ஊடகம் என்பது எங்கோ தோன்றி, தற்செயலாகத் தம் பிள்ளையின் கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட ஒன்று என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரிய தளங்களில் ஒன்றான பேஸ்புக் பிறந்ததே பல்கலைக்கழக விடுதியில்தான். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த மார்க் ஸக்கர்பர்க், சக மாணவர்களின் படங்களை அவர்களுடைய அனுமதியின்றி எடுத்து, இரண்டிரண்டாக அருகருகே வைத்து, இவர்களில் யார் கவர்ச்சி மிக்கவர் என்று வாக்களிக்கச் சொல்லும் ஓர் இணையதளத்தை அமைத்தார். பல்கலைக்கழகம் சில நாட்களிலேயே அதை மூட வைத்தது. மறு ஆண்டு, 2004 பிப்ரவரியில், அவரே பேஸ்புக்கைத் தொடங்கினார். முதலில் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும். பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு. 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று கதவு திறக்கப்பட்டது. ஸ்னாப்சாட்டும் 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியதே.

'லைக்' என்னும் பொத்தான் பேஸ்புக்கில் 2009இல் வந்தது. ஒருவருடைய மகிழ்ச்சிக்கும் துக்கத்திற்கும் எண்ணிக்கை போடும் வழக்கம் அப்போது தொடங்கிற்று. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்து கொண்டிருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் ஆஸா ரஸ்கின் என்பவர். அதற்காகப் பிற்காலத்தில் அவரே வருந்திப் பேசியிருக்கிறார். ஒரு கிதாபை ஓதினால் பக்கம் முடிகிறது, பாபு முடிகிறது. 'இன்றைக்குப் போதும்' என்று மூடி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்ட பக்கம் இது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்த பிறகு, ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கும் இது வந்து சேர்ந்துவிட்டது. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது பெற்றோர்கள் பெருமூச்சு விட்டார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் அதே வேலையை ரீல்ஸ் என்ற பெயரில் இங்கே தொடங்கிவிட்டது.

இமாம் கஜ்ஜாலி (ரஹ்) எண்ணிய ஐந்து

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவு உலூமித்தீனில், மனிதனை அழிக்கும் குணங்களைப் பேசும் பகுதியில், புகழாசையையும் முகஸ்துதியையும் சேர்த்துத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்கள். மனிதன் எவற்றைக் கொண்டு பிறருக்குக் காட்டிக் கொள்கிறான் என்று ஆராய்ந்து அதை ஐந்தாக வகுக்கிறார்கள்: உடல், உடை, பேச்சு, செயல், பின்பற்றுவோர். ஐந்தாவதைக் கவனியுங்கள். பின்பற்றுவோரின் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமை தேடுவது! 'ஃபாலோயர்ஸ்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் சொல்வதற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் அவர்கள் அந்தத் தலைப்பில் எழுதி முடித்துவிட்டார்கள். பெரிய ஆலிம் ஒருவரைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, 'இன்னார் இவரைப் பார்க்க வந்தார்' என்று ஊர் பேச வேண்டும் என விரும்புகிறவரை அங்கே உதாரணம் காட்டுகிறார்கள். பிரபலமானவரின் தோளோடு தோள் ஒட்டிச் செல்பி எடுத்துக் கொள்பவர் அந்த மனிதரின் சந்ததிதான்.

உடலைக் காட்டுவதில் மார்க்கவாதி ஒரு விதம், உலகவாதி ஒரு விதம் என்கிறார்கள். முன்னவர் மெலிந்த உடலையும் உலர்ந்த உதட்டையும் காட்டி நோன்பாளி என்று பெயர் வாங்குகிறார். பின்னவர் கொழுத்த உடலையும் பளபளக்கும் நிறத்தையும் காட்டுகிறார். இன்று பயிற்சிக்கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று கைத்தசையைப் படமெடுக்கும் மாணவனும், நிறத்தை வெளுத்துக் காட்டும் ஃபில்டரில் முகத்தைக் கழுவி வெளியிடும் மாணவியும் இரண்டாம் வகை. ஃபில்டர் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனக்கு அல்லாஹ் கொடுத்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போகும் நிலைக்கு அது கொண்டு போய் விடுகிறது என்பதை அந்தப் பிள்ளைகளே ஒப்புக் கொள்கிறார்கள்.

நமக்கு அதிகக் கவலை தருவது முதல் வகை. மடியில் குர்ஆனை விரித்து, பக்கத்தில் தேநீர்க் கோப்பையை அழகாக வைத்து எடுத்த படம். தஹஜ்ஜுதுக்கு எழுந்த நேரத்தைக் காட்டும் கடிகாரப் படம். கஃபாவைத் தவாபு செய்து கொண்டே நேரலை. காப்பிக் கோப்பையை வைத்துப் பொய் சொன்ன மாணவனுக்கு நஷ்டம் சில ரூபாய்கள்தான். தஹஜ்ஜுதைப் படமெடுத்தவருக்கு என்ன நஷ்டம் என்பதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் பதிவாகியிருக்கும் ஹதீஸைப் படித்தவர்கள் அறிவார்கள். மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்படும் மூவர், போரில் உயிர் கொடுத்தவரும், கற்றுக் கற்பித்துக் குர்ஆன் ஓதியவரும், வாரி வழங்கியவரும் ஆவர். மூவரும் நரகில் எறியப்படுகிறார்கள். வீரர், ஆலிம், கொடையாளி என்று பெயர் வாங்குவதற்காகச் செய்தார்கள். அந்தப் பெயர் உலகத்திலேயே கிடைத்துவிட்டது என்பதே காரணம். இந்த ஹதீஸில் கொலைகாரனோ திருடனோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏழெட்டு வருடம் ஓதி ஸனது பெற்ற ஆலிம்களே ஒரு தலாக் மஸ்அலாவுக்குக் கிதாபைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் ஒரு நிமிட ரீல்ஸில் அதைத் தீர்த்து வைத்துவிடுகிறார். இதையும் பேச்சால் காட்டிக் கொள்ளும் மூன்றாம் வகையில் சேர்த்துக் கொள்ளலாம். அவருடைய நிய்யத்து நல்லதாகவே இருக்கலாம். இருந்தாலும், எதைச் சொன்னால் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறுகிறது என்பதை அந்தச் சாதனம் அவருக்குக் கற்றுக் கொடுத்துக் கொண்டே இருக்கிறது. நிதானமாகச் சொன்னதற்கு நூறு பேர், யாரையாவது காஃபிர் என்று சொன்னதற்குப் பத்தாயிரம் பேர் என்றால் மூன்றாவது தடவை அந்தத் தம்பி எதைச் சொல்வார்?

இமாம் கஜ்ஜாலி அவர்கள் இதையெல்லாம் தூரத்தில் நின்று எழுதியவர்கள் அல்லர். பக்தாது நிஜாமிய்யாவில் சுமார் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொண்டு, புகழின் உச்சியில் இருந்தவர்கள். தாம் பாடம் நடத்துவதன் நோக்கத்தைத் தாமே சோதித்துப் பார்த்தபோது, அதைத் தூண்டுவது புகழாசைதான் என்று கண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், அந்தப் பதவியை விட்டு வெளியேறினார்கள்.

ஆனால் அதே இமாம் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடவில்லை. மனிதர்களைச் சந்திக்கப் போகிறவர் தலைவாரி உடை திருத்திக் கொள்வதெல்லாம் தடுக்கப்பட்ட முகஸ்துதி ஆகிவிடாது. நற்செயலைப் பிறர் பார்த்துப் பின்பற்றுவார்கள் என்றால், தம் உள்ளத்தைக் காத்துக் கொள்ள முடிந்தவர் அதை வெளிப்படுத்தலாம். தர்மங்களை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்ற கருத்தில் ஸூரா பகராவின் 271ஆம் வசனம் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே உணவு தேவை என்பதை வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் பரப்பி ஓடிய இளைஞர்களில் கல்லூரி மாணவர்கள் ஏராளம். பள்ளிவாசல்கள் திறந்து விடப்பட்ட செய்தியும் அப்படித்தான் பரவிற்று. இந்தச் சாதனத்தையே ஹராம் என்று ஒரு வரியில் முடித்துவிட நினைக்கும் பெரியவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. வகுப்பு நேரம், தேர்வு அறிவிப்பு, வேலை வாய்ப்பு என்று எல்லாமே குழுக்களில் வரும் காலத்தில், அந்த வரி மாணவனின் காதில் ஏறவும் ஏறாது.

மேலே பார்க்கும் கண்

செல்வத்திலும் தோற்றத்திலும் தமக்கு மேலானவரைப் பார்க்க நேர்ந்தால், தமக்குக் கீழே இருப்பவரைப் பார்க்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். அல்லாஹ்வின் நிஃமத்தை அற்பமாக எண்ணாமல் இருக்க அதுவே வழி என்றும் காரணம் சொல்லியிருக்கிறார்கள். முன்பு ஒரு கிராமத்துப் பையனுக்கு மேலானவர் என்றால் அந்தத் தெருவில் இரண்டு வீடு இருக்கும். இன்று அவன் படுக்கையில் சாய்ந்து ஒரு மணி நேரம் விரலைத் தள்ளினால், மேலானவர்கள் மட்டுமே இருநூறு பேர் வந்து போகிறார்கள். கீழே இருப்பவர் அதில் வரவே மாட்டார். தன் வறுமையை யார் படமெடுத்துப் போடுகிறார்கள்?

பேஸ்புக் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால், அது வந்த கல்லூரி, வராத கல்லூரி என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்தது. 2022இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளியான அந்த ஆராய்ச்சி, பேஸ்புக் வந்த பிறகு மாணவர்களின் மனநலம் கெட்டது என்றும், பிறரோடு தம்மை ஒப்பிட்டுக் குறைவாக எண்ணியதே அதற்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது என்றும் சொல்லிற்று. 2021இல் பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. தங்கள் உடலைப் பற்றி வருந்தும் வளரிளம் பெண்களில் நூற்றுக்கு 32 பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை அதிகமாக்குவதாகச் சொன்னார்கள் என்பதை அந்த நிறுவனமே ஆராய்ந்து வைத்திருந்தது அவற்றில் தெரிந்தது. 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்த சோதனை நமக்கு மிகவும் பயன்படக் கூடியது. அவர்களில் ஒரு பகுதியினர் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரங்கள் அளவு வைத்துக் கொண்டார்கள். அவர்களுடைய தனிமை உணர்ச்சியும் மனச்சோர்வும் குறைந்தன. முழுதும் விட்டுவிடவில்லை, அளவு வைத்தார்கள், அவ்வளவுதான்.

முஸ்லிம் மாணவனுக்கு இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. தன் பெயரை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிவதில்லை. சிலர் 'முஹம்மது'வை எடுத்துவிட்டு இரண்டெழுத்தில் ஒரு பெயர் வைத்துக் கொள்கிறார்கள். யாரும் வம்புக்கு வர மாட்டார்கள் என்ற நினைப்பு. சிலர் நேர்மாறாக, இரவெல்லாம் முகம் தெரியாத ஆட்களோடு மார்க்கத்திற்காகச் சண்டையிட்டுவிட்டு, சுபுஹைக் களா செய்துவிட்டு, சிவந்த கண்ணோடு வகுப்புக்குப் போகிறார்கள். இருவரையுமே அந்தச் சாதனம்தான் வடிவமைக்கிறது. முன்னவரை அச்சத்தால், பின்னவரை ஆத்திரத்தால். இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேச்சில் ஈடுபடுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இரவில் நடக்கும் அந்தச் சண்டைகளுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் நமக்குத் தெரியவில்லை.

மகளின் இரண்டாவது கணக்கு

சென்ற வருடம் ஒருவர் நம்மிடம் வந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டாருக்குத் தெரிந்த கணக்கு ஒன்று. அதில் பூக்களும் துஆக்களும். தோழிகளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு வேறொன்று. அதில் கல்லூரி விழாவில் மாணவ மாணவியர் கூட்டமாக நிற்கும் படங்களும், தலைத்துணி சற்று விலகிய ஒரு சிறு காணொளியும் இருந்தனவாம். "ஹஜ்ரத், நாளையிலிருந்து அனுப்பப் போவதில்லை. மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டேன்" என்றார்.

தோழிகளுக்கு மட்டும் திறந்திருந்த கணக்கை அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டோம். உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு பெண் பெயரில் பொய்க் கணக்குத் தொடங்கி, தோழி போல் உள்ளே நுழைந்து, படங்களைப் பிடித்து இவருக்கு அனுப்பியிருக்கிறான். மகளிடம் ஏதாவது கேட்டீர்களா என்றோம். இல்லை என்றார்.

இங்கே மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் செய்தது சரி என்று நாம் சொல்லவில்லை. நாணம் ஈமானின் ஒரு கிளை. ஆயினும் அந்தப் பையன் செய்தது என்ன? பெயரில் பொய், பிறகு துப்பறிதல், பிறகு புறம். ஸூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தீய எண்ணத்தையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. மக்களின் மறைவான குறைகளைத் தேடிப் போனால் அவர்களைக் கெடுத்துவிடுவாய் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஆவியா (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பார்வையைத் தாழ்த்தும்படி கூறும் ஸூரா நூர் வசனங்கள் முதலில் ஆண்களைப் பார்த்தே பேசுகின்றன. பெண்களுக்கான வசனம் அதன் பிறகே வருகிறது. நம் முஹல்லாக்களில் வரிசை மாறிப் போயிருக்கிறது.

தகப்பனாருக்குப் பொறுப்பு இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. ஒவ்வொருவரும் மேய்ப்பர் என்ற ஹதீஸ் அவரையும் கட்டுப்படுத்துகிறது. சிறு பிள்ளைகளின் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பது அவருடைய கடமை என்றே சொல்வோம். பருவமடைந்து, தொழுகை கடமையாகி, தன் செயலுக்குத் தானே பதில் சொல்லும் வயதுக்கு வந்துவிட்ட மகளிடம் அந்தப் பொறுப்பு பேச்சு வழியாக, அறிவுரை வழியாக நடைபெற வேண்டும். ஆபத்தின் அடையாளம் வெளிப்படையாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். யாராவது படத்தை வைத்து மிரட்டுகிறார்கள், பணம் கேட்கிறார்கள் என்றால் உடனே தலையிட வேண்டும். அப்போது துப்பறிதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிப்பட்ட வேளையில் மகள் முதலில் அத்தாவிடம் ஓடி வரும்படியான நிலை வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பொய்க் கணக்கின் வழியாகத் தன்னைப் பார்த்த அத்தாவிடம் எந்த மகளும் ஓடி வர மாட்டாள்.

நம் பெண்களுக்கு அப்படி ஓடி வர வேண்டிய நிலை ஏற்படாது என்றும் சொல்ல முடியாது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் இரண்டு செயலிகளில், முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து எடுத்து, அவர்களை ஏலம் விடுவதாகப் போட்டு இழிவுபடுத்தினார்கள். பத்திரிகையாளர்களும் மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022இல் கைதானவர்களில் இன்ஜினீயரிங் படிக்கும் மாணவர்களும் இருந்தார்கள் என்பது இந்தக் கட்டுரையின் பொருளோடு ஒட்டிய செய்தி. அதைக் கேட்ட பல வீடுகளில் பெண்பிள்ளைகளின் கைப்பேசியைப் பறித்தார்கள். திருட்டுப் போனவளையே பூட்டி வைப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று தெரியவில்லை. படம் போடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பது ஒன்று; அவள் படிப்பை நிறுத்துவது முற்றிலும் வேறு.

வந்தவரிடம் இரண்டு விஷயம் சொன்னோம். மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன் மகளிடம் பேசுங்கள். பையன் வைத்திருக்கும் படங்களை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதற்குத்தான் அவர் அதிகம் யோசித்தார், உறவு கெட்டுவிடும் என்று. கடைசியில் இரண்டையும் செய்தார். அந்தப் பெண் காணொளியைத் தானாகவே நீக்கினாள். கணக்கை நீக்கவில்லை, வகுப்பு அறிவிப்புகள் அதில்தான் வருகின்றனவாம். படிப்பு நிற்கவில்லை. வீட்டில் ஒருவரோடொருவர் முகம் பார்த்துப் பேச மட்டும் சில மாதங்கள் ஆயின.

வீட்டில் செய்யக் கூடியவை

முதலில் பெரியவர்களின் கைப்பேசியைப் பற்றிப் பேச வேண்டும். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்க, ஸ்டேட்டஸ் பார்க்கும் வாப்பாவும், பேரப்பிள்ளையின் குளியல் படத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பும் உம்மாவும், மகனிடம் கட்டுப்பாட்டைப் பேசினால் எடுபடாது. கண்ணேறு உண்மை என்பது ஹதீஸ். பிள்ளைக்கு நெற்றியில் மை வைத்து வெளியே அனுப்பும் நாம், அதே பிள்ளையை ஐந்நூறு பேருக்கு அனுப்புகிறோம். மகளின் கல்யாணத்தில் நகைகளைத் தட்டில் பரப்பி எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு, அதே தெருவில் குமர் இருக்கும் ஏழை வீட்டில் அன்று இரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

இஷா தொழுததும் வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும் ஓரிடத்தில் இருக்கட்டும். எல்லாருடையதும் என்பதுதான் இதில் முக்கியம். விடுதியில் இருக்கும் மாணவர்கள் அலாரத்திற்கு என்று தலைமாட்டில் வைத்துக் கொள்கிறார்கள். குறைந்த விலைக்கே அலாரக் கடிகாரம் கிடைக்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று அந்தப் பென்சில்வேனியா மாணவர்களைப் போல் ரமளான் அல்லாத ஒரு மாதத்தில் அளவு வைத்துப் பார்க்கலாம். ரமளானில் எதையும் விடுவது எளிது. ஷவ்வாலில் விட்டுப் பார்த்தால்தான் நஃப்ஸின் நிலை தெரியும்.

ஒரு நற்செயலைப் படமெடுக்கும் முன், கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போயிருந்தால் இதைச் செய்திருப்பேனா என்று மாணவர்கள் தங்களையே கேட்டுக் கொள்ளட்டும். செய்த பாவத்தைப் பற்றி இவ்வளவு யோசனைகூட வேண்டியதில்லை. இரவில் ஒருவன் செய்ததை அல்லாஹ் மறைத்துவிட்டிருக்க, காலையில் எழுந்து அவனே அந்தத் திரையைக் கிழித்துப் பிறரிடம் சொல்வதை, மன்னிப்பில்லாதவர்களின் செயலாக நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 'ஸ்டோரிதானே ஹஜ்ரத், 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும்' என்கிறார்கள். அதற்குள் எத்தனை பேர் படம் பிடித்து வைத்துக் கொண்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முன்பு போட்டவற்றுக்குத் தவ்பா எப்படி? தன் சம்பந்தப்பட்டது மட்டும் என்றால், நீக்கிவிட்டு, வருந்தி, இனிப் போடுவதில்லை என்று உறுதி கொள்வது போதுமானது. நீக்கிவிட்டேன் என்று இன்னொரு பதிவு போட வேண்டாம். பிறருடைய படம், பிறரைக் கேலி செய்த பதிவு, சரிபார்க்காமல் அனுப்பிவிட்ட பொய்ச் செய்தி என்றால் அது அடியார்களின் ஹக்கு. சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் நீக்கச் சொன்னால் 'எத்தனை லைக் வந்த படம் தெரியுமா' என்று பேரம் பேசக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய பொய்ச் செய்தியாக இருந்தால், தம் கைப்பேசியில் மட்டும் அழித்துவிட்டு இருந்துவிட முடியாது. அதே குழுவில், அதே ஆட்கள் படிக்கும்படி, தாம் அனுப்பியது பொய் என்று எழுத வேண்டும். குழுவை விட்டு வெளியேறியிருந்தாலும், உள்ளே இருக்கும் ஒருவர் மூலமாகவாவது அதை எழுதச் சொல்ல வேண்டும்.